ப்ராஞ்ச் என்ற வார்த்தையும் ஜெரால்டு சாரின் பிரவுன் ஷூவும்

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில், நாம் வாயைத் திறக்கும் முன்பே எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம்மைச் சந்தேகப்பட ஆரம்பித்திருப்பார். கையில் மார்க்கரோடு வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஒரு தடவையாவது நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். உச்சரிப்பில் சந்தேகம், ஸ்பெல்லிங்கில் சந்தேகம், நாம் படித்த பள்ளிக்கூடத்தின் மேல் சந்தேகம். இதெல்லாம் மாணவர்கள் பக்கம். வேலை கொடுத்தவர் பக்கம் இருக்கிற சந்தேகம் தனி.

நான் வேலை செய்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், பூஜைச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. எனக்குக் காலை பேட்ச். மகள் யாழினியை யு.கே.ஜி. வாசலில் விட்டுவிட்டு சைதாப்பேட்டையில் பஸ் பிடித்தால் வகுப்புக்கு வந்துவிடலாம். வகுப்பு முடிந்ததும் ஓடினால், அவள் பள்ளிக்கூடத்தில் கேட்டைத் திறந்துவிடும்போது நான் வெளியே நிற்கலாம். இப்படி நேரம் பொருந்துகிற இன்னொரு வேலையைத் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. அதனால் இந்த வேலை எனக்குப் போகக்கூடாது. கீழே வருகிற எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சென்டரின் உரிமையாளர் ஜெரால்டு சார். சாந்தோம் பக்கம் பல தலைமுறையாக இருக்கிற வாத்தியார் குடும்பம். நல்ல மனிதர்தான். எனக்கு முன்னால் இருந்த டீச்சர், பாதி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அடையாறில் தனி சென்டர் திறந்துவிட்டாராம். அன்றிலிருந்து சார் வகுப்பு நேரத்தில் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறார். எங்கள் கதவு தரையைத் தொடாது. அந்த இடைவெளியில் அவருடைய பிரவுன் ஷூ தெரியும்.

எந்த மீடியம்?

முதல் நாள் நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வைதேகி மாமி. நாலு தலைமுறையாகக் கோயில் பக்கமே குடியிருக்கிற குடும்பம், இப்போது அதே இடத்தில் அடுக்குமாடி எழுந்து, மாமி அதன் அசோசியேஷன் செயலாளர். கட்டிக்கொடுத்த பில்டர் தமிழில் கேட்டால் பதில் சொல்வதில்லையாம். அந்த ஆளிடம் ஆங்கிலத்தில் சண்டை போடுவதற்காகவே சேர்ந்திருந்தார். "நீ எந்த மீடியம்மா?" என்றார். கிராமத்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம் என்று சொன்னேன். முன்வரிசை ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

நானே தொடர்ந்தேன். காலேஜில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தபோது முதல் ஆறு மாதம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒரு வார்த்தையைத் தனியாக மனப்பாடம் செய்தால் மறுநாள் காலையில் காணாமல் போயிருக்கும். பிறகுதான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு எண்ணத்தை எடுத்து அடிமரமாக வரைந்துகொள்வது, அந்த எண்ணம் எந்தெந்த வார்த்தைக்குள் ஒளிந்திருக்கிறதோ அதையெல்லாம் மரத்தில் மாட்டிவிடுவது. ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதும் ஆடும், மறக்காது. மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நீ கத்துண்ட வழியே எங்களுக்கும் சொல்லு, பார்க்கலாம். ஆனா நான் ஆத்துக்குப் போய் டிக்‌ஷனரில சரி பார்ப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

அந்தம்மா சொன்ன லெஃப்ட்

முதல் மரமாக மரத்தையே எடுத்தேன். பிரிவது, கிளைப்பது என்கிற எண்ணம். ப்ராஞ்ச் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. பேங்க் ப்ராஞ்ச், இன்ஜினியரிங்கில் எந்த ப்ராஞ்ச், போஸ்ட் ஆபீஸ் ப்ராஞ்ச் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தமிழிலும் வங்கிக் கிளை என்றுதானே சொல்கிறோம், இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அடுத்த கிளையாக ஃபோர்க்கை மாட்டினேன். சாப்பிடுகிற முள்கரண்டி ஃபோர்க், சாலை இரண்டாகப் பிரிகிற இடமும் ஃபோர்க், நதி பிரிந்தால் அதுவும் ஃபோர்க். லத்தீனில் கவைக்கோலுக்கு இருந்த பேரிலிருந்து வந்தது, அதே பேர்தான் பைஃபர்கேஷன் என்கிற நீள வார்த்தைக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது என்றேன். மாமி உடனே தலையாட்டினார். கரண்ட் மீட்டரை இரண்டாகப் பிரிக்க எழுதிக்கொடுத்த மனுவில் அவர் அந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறார்.

பின்வரிசையில் ஏழுமலை அண்ணன். சைதாப்பேட்டைக்காரர், கால்டாக்சி ஓட்டுகிறார். ஏர்போர்ட் சவாரிகளிடம் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று வந்தவர். போனில் வழி சொல்கிற பெண் குரல், சாலை பிரிகிற இடத்தில் ஃபோர்க் என்று சொல்லும், கேட்டிருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கிறாராம். அந்தக் குரல் எது சொன்னாலும் நேர் எதிராகப் போவதுதான் வழக்கமாம். அண்ணனுக்கு வார்த்தையில் சந்தேகம் இல்லை, சொன்ன ஆள் மேல்தான் சந்தேகம். "அந்தம்மா லெஃப்ட்டுனு சொல்லும் மேடம். சைதாப்பேட்டைல பொறந்தது நானா, அதுவா?"

சரியாகத்தான் சொன்னீர்கள்

மூன்றாம் நாள் ஆஃப்ஷூட். அடிமரத்திலிருந்து புதிதாக வெடித்துக் கிளம்புகிற தளிர். ஒரு கட்சியிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ பிரிந்து தனியாகக் கிளம்புகிற சின்ன அமைப்பையும் அப்படித்தான் சொல்வார்கள். இதைச் சொல்லிக்கொண்டே திரும்பினேன். கதவுக்குக் கீழே பிரவுன் ஷூ. அதுவரை ஆடாமல் இருந்த ஷூ, அந்த வார்த்தைக்கு லேசாக நகர்ந்தது.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். மேஜை மேல் சென்டரின் அச்சிட்ட பாடம் திறந்திருந்தது. "இதுல இந்த மரம் எங்க இருக்கு செல்வி?" என்று கேட்டார். இல்லை சார், நான் வரைவது என்றேன். மாணவர்கள் அதைப் போனில் படம் பிடிக்கிறார்களாமே என்றார். ஆமாம், பிடிக்கிறார்கள். பார்த்துப் படிப்பதற்குத்தானே. அவர் பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஜன்னல் வழியே கீழே பார்த்தார். கற்பூர வாசனை மாடி வரை வந்துகொண்டிருந்தது. "நீங்க சொல்லிக் கொடுத்த அர்த்தம் சரி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அத்தனை வார்த்தை இருக்கும்போது நீங்க ஏன் அந்த வார்த்தையை எடுத்தீங்கன்றதுதான் என் கேள்வி."

மரத்துக்குக் கை

தேவி என்று ஒரு பெண், ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வருவாள். வீட்டில் எல்லோருக்கும் கடல் வேலை. இவள் டிகிரி முடித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். மாதக் கடைசியில் இன்டர்வியூ. அதனால் நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒரே அளவுகோல்தான், இது இன்டர்வியூவில் கேட்பார்களா மாட்டார்களா.

அன்று லிம்ப். நம் கையும் காலும் லிம்ப், மரத்தின் பெரிய கிளையும் லிம்ப். பவ் என்றாலும் பெரிய கிளைதான், பழைய ஆங்கிலத்தில் அது தோளையும் கையையும் குறித்த வார்த்தை. ப்ராஞ்சையே எடுத்துக்கொண்டு பின்னால் போனால், ஒரு காலத்தில் மிருகத்தின் பாதத்துக்கு இருந்த பேரில் போய் நிற்கிறது. விரல் பிரிந்திருக்கிறதே, அதைப் பார்த்து வைத்திருப்பார்கள். ஆக ஆங்கிலேயனும் அவனுக்கு முன்னால் இருந்தவனும் மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் உடம்பைத்தான் பார்த்திருக்கிறான் என்று நான் கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிவிட்டேன். எல்லோரும் தங்கள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். தேவி மட்டும் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரில போய் மரத்துக்குக் கை கீது, தோள் கீதுன்னு சொன்னா, வேலைக்கு எடுக்க மாட்டாங்க மேடம். அட்மிட் பண்ணிக்குவாங்க."

ஜாடை

டிக்‌ஷனரியில் சரி பார்ப்பேன் என்று சொன்ன மாமி வெறுமனே சொல்லவில்லை. மறு வாரம் வந்ததும் வராததுமாக, "ப்ரான்கைட்டிஸை ஏன் விட்டுட்டே?" என்று கேட்டார். மார்புச் சளி வியாதி. மாமிக்கு வந்து போயிருக்கிறது. ப்ராஞ்ச், ப்ரான்கைட்டிஸ், இரண்டும் ஒரே சத்தம், ஒரே குடும்பம்தானே என்பது வாதம். எனக்கே அப்போது நிச்சயமாகத் தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து, அன்று யாழினியைத் தூங்க வைத்துவிட்டு அகராதிகளைப் புரட்டினேன். அது கிரேக்கத்திலிருந்து வந்த வேறு வார்த்தை, மூச்சுக்குழாய்க்கான பேர். ப்ராஞ்சுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மறுநாள் அப்படியே சொன்னேன். மாமி ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர் படம் வரைந்து காட்டினாராம், மார்புக்குள் தலைகீழாக ஒரு மரம் போலவே கிளை கிளையாகப் பிரிந்திருந்ததாம். அதுவும் உண்மைதான். டாக்டர்களே அதை மரம் என்றுதான் சொல்கிறார்கள். உருவம் கிளை, பேர் மட்டும் கிளையிலிருந்து வரவில்லை என்று நான் மறுபடி விளக்கினேன். மாமி என்னைக் கண் இடுக்கிப் பார்த்தார். "ஜாடை இருக்கு, உறவு இல்லேங்கறே. எங்காத்து சொத்துக் கேஸ்ல எதிர்க்கட்சி வக்கீலும் இதையேதான் சொன்னான்."

நோட்டீஸ்

ஒரு திங்கட்கிழமை மாடிப்படி முடிகிற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பாடத்தில் இல்லாத எதையும் ஆசிரியர்கள் கொடுக்கக் கூடாது, மாணவர்களை வெளியில் சந்திக்கக் கூடாது, மீறினால் ராமிஃபிகேஷன்ஸ் கடுமையாக இருக்கும். சென்டரில் காலை வேளையில் ஆசிரியர் என்றால் நான் ஒருத்திதான். பன்மையில் எழுதியிருந்தது மரியாதைக்காக என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்பு ஆரம்பித்ததும் மாமி கேட்டார், "அந்த ராமிஃபிகேஷன்னா என்னடிம்மா? ராமருக்கும் அதுக்கும் சம்பந்தமா?" சம்பந்தமில்லை என்றேன். பாடத்தில் இல்லாத வார்த்தைதான், ஆனால் சாரே ஒட்டியிருக்கிறாரே, எப்படிச் சொல்லாமல் விடுவது? ராமஸ் என்றால் லத்தீனில் கிளை. ராமிஃபை என்றால் கிளை விடுவது. ஒரு காரியம் செய்தால் அது ஒன்றோடு நிற்காது, கிளை விட்டு, அந்தக் கிளை இன்னொரு கிளை விட்டு, எங்கெங்கோ போய் முட்டும். அந்தப் பின்விளைவுக்குத்தான் ராமிஃபிகேஷன் என்று சொல்லி, மரத்தில் அதையும் மாட்டினேன். பிரவுன் ஷூ கதவுக்குக் கீழே அப்படியே இருந்தது. ஏழுமலை அண்ணன் அதைப் பார்த்தபடியே, வெளியே கேட்கிற குரலில் சொன்னார். "நம்மள மெரட்டறதுக்குக்கூட சாரு மரத்தத்தான் புடிச்சிக்கினாரு பாரு மேடம்."

காலி நாற்காலிகள்

டிசம்பர் பாதியில் வகுப்பில் நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. முதலில் முன்வரிசையில் ஒன்று, பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. போன் செய்தால் எடுக்கவில்லை. எடுத்தவர்களும் அவசரமாக, "அப்புறம் பேசறேன் மிஸ்" என்று வைத்தார்கள். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒருவேளை ராமஸ், பாதம், கவைக்கோல் என்று நான் இழுத்தது பிடிக்கவில்லையோ. வரைகிற மரத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன். அப்படியும் வரவில்லை.

ஜெரால்டு சார் என் வகுப்பறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே பார்த்து, உதடு அசைய எண்ணுவது தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். அவர் தணிந்த குரலில், கொஞ்சம் வருத்தமாகவே பேசினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துப் பூங்காவில் ஒரு இங்கிலீஷ் கிளாஸ் நடக்கிறதாம், மரம் வரைந்து சொல்லிக்கொடுக்கிறார்களாம், காய்கறிக் கடையில் யாரோ பேசிக்கொண்டார்களாம். நான் இல்லை சார் என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்கிறவள் குரல் போலக் கேட்டது. "இந்த ஊர்ல மரம் வரையறவங்க எத்தனை பேர் இருக்காங்க செல்வி? நீங்கதான்னு தெரிஞ்சா திங்கட்கிழமை வர வேண்டாம். இல்லைன்னா, யாருன்னு எனக்குத் தெரியணும்."

மெர்ஜ்

என் வீட்டுக்காரர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். அன்று சாப்பிடும்போது அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர்கள் வேலையிலும் ப்ராஞ்ச் உண்டாம். எல்லோரும் எழுதுகிற பெரிய புரோகிராமிலிருந்து ஒருவர் ஒரு பிரதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு தனியாக மாற்றி எழுதுவார், அதற்குப் பேர் ப்ராஞ்ச். எழுதி முடித்ததும் திரும்பப் பெரியதோடு சேர்த்துவிட வேண்டும், அதற்குப் பேர் மெர்ஜ். "பிரிஞ்சு போறது தப்பில்ல. போனவன் திரும்பி வந்து சேர்க்காம இருந்தாத்தான் ஆபீஸ்ல சண்டை வரும்" என்று ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் ஆறுதல் வேண்டியிருந்தது, அவர் உதாரணம் கொடுத்தார். நானும் உள்ளுக்குள் அதை மரத்தில் மாட்டிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

சாப்பிட்ட கையோடு அவர் போனைப் பார்த்தவர் அப்படியே நிறுத்தினார். ஏழுமலை அண்ணன் எங்களுக்கு அவசரத்துக்கு வண்டி ஓட்டுகிறவர், இவர் போனிலும் அவர் நம்பர் உண்டு. அண்ணன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போன ஞாயிறு எடுத்த படத்தை இன்று போட்டிருந்தார். பூங்கா பெஞ்சு, அதன் மேல் சாய்த்து வைத்த பெரிய சார்ட், சார்ட்டில் என் மரம். ப்ராஞ்ச் இடது பக்கம், ஃபோர்க் வலது பக்கம், நான் எப்படி மாட்டுவேனோ அப்படியே. எதிரில் சில பெண்களின் முதுகு. வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கிளாஸ் உன்னுது, படம் உன்னுது, உன்னை மட்டும்தான் காணோம்."

கண்ணாமூச்சி

ஏழுமலை அண்ணனைக் கேட்டால் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு நேரில் பார்க்கவேண்டும் என்று இருந்தது. ஞாயிறு காலை யாழினியையும் கூட்டிக்கொண்டு போனேன். பூங்காவில் நடப்பவர்கள், பேட்மின்டன் ஆடுபவர்கள், வட்டமாக நின்று சிரிப்புப் பயிற்சி செய்பவர்கள். அவர்களைத் தாண்டி உள்ளே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடிமரம் இரண்டு பேர் மறைகிற அகலம். அதன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

சார்ட்டுக்குப் பக்கத்தில் கையில் ஒரு மூங்கில் குச்சியோடு வைதேகி மாமி. எதிரில் அவர் அடுக்குமாடிப் பெண்கள், ஓரமாகத் தேவியும் ஏழுமலை அண்ணனும். மாமி நான் சொல்வதையே சொல்கிறார். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துகிறார், நான் கையை விரிப்பது போல விரிக்கிறார், எல்லோரும் தங்கள் கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். "ஒண்ணைத் தொட்டா பக்கத்துல இருக்கறதும் ஆடும், மறக்காது" என்கிறார். யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆறு மாதம் நான் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தது. அவர் சார்ட்டில் மரம் வேறு என் மரத்தைவிட அழகாக இருந்தது, பச்சை ஸ்கெட்ச் பேனாவில் இலை எல்லாம் போட்டு. இன்னும் என்னென்ன எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்க நான் இன்னும் கொஞ்சம் மரத்தோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் யாழினி என் புடவையை இழுத்தாள். அவள் கை காட்டிய திசையில், அதே மரத்தின் மறுபக்கத்தில், வேருக்குப் பக்கத்தில் ஒரு பிரவுன் ஷூ. அதற்கு மேலே, கையில் மடித்த செய்தித்தாளோடு, மூச்சை அடக்கிக்கொண்டு ஜெரால்டு சார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பேசியது யாழினிதான், நல்ல சத்தமாக. "அம்மா, இந்தத் தாத்தாவும் நம்ம கூடக் கண்ணாமூச்சி விளையாடறாரா?"

சளி

மாமி திரும்பிப் பார்த்தார். நான் அப்படியே நழுவியிருப்பேன், ஆனால் அந்த நேரம் அவர் குச்சி சார்ட்டில் தொட்டுக்கொண்டிருந்த வார்த்தை ப்ரான்கைட்டிஸ். பச்சை இலையோடு, ப்ராஞ்சுக்கு நேர் கீழே. என்னால் தாங்க முடியவில்லை. மரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "அது இந்த மரம் இல்ல மாமி" என்றேன். தேவி தலையைக் குனிந்துகொண்டாள். ஏழுமலை அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். மாமி மட்டும் அசையவில்லை. "வா செல்வி. இவாளுக்கெல்லாம் உன் மாடிப்படி ஏற முட்டி விடாது. அதான் நீ சொல்றதை நான் இங்கே சொல்றேன். உன்கிட்ட சொல்லியிருந்தா சார் உன்னைத்தான் பிடிப்பார், அதான் சொல்லலை" என்றார். சாரும் வெளியே வந்துவிட்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் காலி நாற்காலிகளைப் பற்றிக் கேட்டார். வகுப்புக்கு வராமல் போனவர்கள் யாரும் இங்கே இல்லை என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

மாமி சாரை மேலும் கீழும் பார்த்தார். வராமல் போனவர்களுக்கெல்லாம் டிசம்பரில் காலையில் சபாக்களில் இசைப் பேருரை, அது முடிந்தால் கேன்டீனில் பொங்கல், காபி, மதியக் கச்சேரி. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர் சார், ஒவ்வொரு வருடமும் பார்க்கிறவர், தானும் அந்த மாதம் முழுக்கக் கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகைக்கு ஓடுகிறவர். அடையாறையே நினைத்துக்கொண்டிருந்ததில் தெருமுனையில் இருக்கிற சபாவை மறந்துவிட்டார். நான் வெளியூர்க்காரி, எனக்குத் தெரியாமல் போனது பெரிய விஷயமில்லை. மாமி குச்சியைத் தரையில் ஊன்றினார். "மார்கழியில மயிலாப்பூர்க்காரா எங்கே போவான்னு துப்புத் துலக்க, மரத்துக்குப் பின்னாடி நிக்கணுமா சார்?"

குறைத்துச் சொல்லுங்கள்

வேலை போகவில்லை. பூங்கா வாசலில் செருப்புத் தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று, "திங்கட்கிழமை வழக்கம் போல வாங்க" என்று சார் சொன்னபோது யாழினியை அப்படியே தூக்கிக்கொண்டேன். தை பிறந்ததும் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. நோட்டீஸையும் எடுத்துவிட்டார், கோந்துத் தடம் மட்டும் சுவரில் இருக்கிறது. தேவிக்கு வேலை கிடைத்தது, அந்த ஆஸ்பத்திரியின் திருவான்மியூர் ப்ராஞ்சில். மரம் பற்றி யாரும் கேட்கவில்லையாம். மாமி ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்தவில்லை, எங்களோடு சேர்க்கவும் இல்லை. சென்டரிலேயே வந்து நடத்துங்கள் என்று சார் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். மாமி, பில்டருக்குச் சொல்கிற அதே ஆங்கிலத்தில், யோசித்துச் சொல்கிறேன் என்றார். ப்ரான்கைட்டிஸை மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டதாக ஏழுமலை அண்ணன் சொன்னார்.

நேற்று ஸ்டெம் என்ற வார்த்தையை எடுத்தேன். தண்டு, அதிலிருந்து ஒன்று கிளைத்து வந்தால் அதற்கும் ஸ்டெம் என்றே சொல்வார்கள். பாதி சொல்லும்போது மாமியைக் கவனித்தேன். கண்ணை இடுக்கி, ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். மீதியைச் சொல்லவா வேண்டாமா என்று ஒரு நொடி நின்றேன். கதவுக்குக் கீழே பிரவுன் ஷூவும் ஒரு நொடி நின்றது போலத் தோன்றியது. வகுப்பு முடிந்து போகும்போது சார் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "செல்வி, அந்த மாமிக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சே சொல்லிக் கொடுங்க."

கிளைக்கும் கிளைப்பதற்கும் ஆங்கிலத்தில் இருக்கிற வார்த்தைகளை அநேகமாகத் தேடி எடுத்து மாட்டிவிட்டேன், கிளை தழைக்கும்போது அடிமரத்துக்கு வருகிற வயிற்றெரிச்சலுக்கு மட்டும் எந்த அகராதியிலும் ஒரு வார்த்தை அகப்படவில்லை.